கொட்டாஞ்சேனைப் புரொஜெக்டின் இரண்டு மனேஜர்கள்

என்னைப் புரொஜெக்ட் மனேஜர் ஆக்கிய செய்தியை நான் வீட்டில் சொன்ன உடனேயே என் கணவரின் அம்மா தொலைபேசியை எடுத்துத் தன் தங்கைக்குச் சொன்னார்.

"இனி இவ மனேஜர். கொம்பியூட்டர் அடிக்கிற வேலை இல்லை."

நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுச் சிரித்தேன். அவர் சொன்ன அந்தக் கொம்பியூட்டர் அடிக்கிற வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை என்பது அப்போது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. மனேஜர் என்றால் சம்பளம் கூடும், பெயர் கூடும். வேலையில் வல்லவர்களை மேலே ஏற்றுவதுதானே முறை என்று நானும் நினைத்தேன்.

எங்கள் கொம்பனி வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. யன்னலைத் திறந்தால் பஸ் கொண்டக்டர்கள் கூவுவது கேட்கும். மூடினால் வெக்கை தாங்காது. வாடிக்கையாளருக்கு என்ன தேவையோ அதைக் கேட்டு, அவருக்கென்றே மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். மருந்துக் கடைகள், புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடை, பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் ஒரு டியூட்டரி என்று எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். மருந்துக் கடைகளுக்கான மென்பொருளை முழுக்க நான்தான் எழுதினேன். அது நன்றாக ஓடியது. ஒரு கடைக்காரர் சொல்லி இன்னொரு கடைக்காரர் வந்தார்.

எங்கள் முதலாளி இங்கிலாந்தில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த யாழ்ப்பாணத்து மனிதர். நாங்கள் அவரை சேர் என்போம். அவர் என்னைப் பிள்ளை என்பார். கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தின் வேலை கிடைத்ததும் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"பிள்ளை, இது நாங்கள் இதுவரைக்கும் செய்யாத அளவுக்குப் பெரிசு. நீர்தான் நடத்த வேணும். உம்மளவுக்கு இந்த ஒஃபிசிலை ஒருத்தருக்கும் வேலை தெரியாது."

"ஓம் சேர்" என்றேன். 

அந்தப் பரிசோதனை நிலையத்தை நடத்தியவர் ஒரு வைத்தியர். அவருடைய குடும்பம் இந்தியாவிலிருந்து வந்து புறக்கோட்டையில் வியாபாரம் செய்தது. வீடு ஜிந்துப்பிட்டியில். அண்ணன்மார் எல்லோரும் கடையில் இருக்க, அவர் ஒருவர் மட்டும் படித்து வைத்தியரானார். அவருக்கு பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் சின்னக் கிளைகள் இருந்தன. காலையில் அங்கே இரத்தம் எடுத்து, வான் வண்டியில் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பி, பின்னேரம் ரிப்போட்டைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். எல்லாம் கையெழுத்தில் நடந்தது. நோயாளியைப் பதிவது, இரத்தக் குழாயில் இலக்கம் ஒட்டுவது, முடிவை ரிப்போட்டாக அடிப்பது எல்லாம் கொம்பியூட்டரில் நடக்க வேண்டும், எந்தக் கிளையில் கேட்டாலும் ரிப்போட் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நல்ல ஆசைதான். நல்ல மனிதரும்கூட. போகும்போதெல்லாம் பிளேன்டீயும் சுடச்சுட வடையும் வரும்.

"வாங்கம்மா, உக்காருங்க. ஒரு சின்ன விஷயம் தோணிச்சு. போன வாட்டி வந்த ஆளு திரும்ப வந்தா, பேரை அடிச்ச உடனே பழைய விவரம் எல்லாம் தானா வந்து நின்னா நல்லா இருக்கும்ல?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் அதை எப்படி எழுதலாம் என்பது என் தலைக்குள் ஓடிவிடும். "செய்யலாம் டொக்டர்" என்பேன். அடுத்த முறை இன்னொரு சின்ன விஷயம். கடன் கணக்கு வைத்திருக்கும் வேறு வைத்தியர்களுக்குத் தனி ரிப்போட். ரிப்போட் ஆயத்தம் என்று நோயாளிக்குத் தொலைபேசியில் செய்தி. செய்ய முடியாதது என்று ஒன்றும் இல்லை. எல்லாமே செய்யக்கூடியவைதான். அதனால் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு ஓட்டோ பிடித்து, அங்கிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி, இடையில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஒஃபிசுக்கு வந்து சேரும்போது, முதலில் ஒத்துக்கொண்ட திகதி அப்படியே இருக்க, வேலை மட்டும் வளர்ந்திருக்கும்.

எனக்குக் கீழே மென்பொருள் எழுத மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் எழுதித் தருவதை நான் பார்ப்பேன். ஓடும், ஆனால் நான் எழுதுவதுபோல இராது. பிழை எங்கே என்று சொல்லிக் கொடுத்து, அவர்கள் திருத்தி, மறுபடி பார்த்து முடிப்பதற்குள் நானே எழுதிவிடலாம். அப்படித்தான் செய்தேன். அவர்களுக்கு அது உதவி என்றே நினைத்தேன்.

மூவரில் ஒருத்தி மட்டக்களப்பிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கெட்டிக்காரி. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை, வேலையை விடுவதாக என்னிடம் வந்து சொன்னாள். நல்ல இடம் ஏதும் கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"பிறகு ஏன்?"

 "நான் எழுதுறது ஒண்டும் இதுக்குள்ள இல்லை அக்கா. நேற்றும் தேடிப் பார்த்தன். நான் எழுதின எல்லாத்தையும் நீங்க மாத்தி எழுதியிருக்கிறீங்க. நான் எழுதினா என்ன, எழுதாட்டி என்ன?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் அவளைத் தடுக்கப் பார்த்தேன். இனி அப்படி நடக்காது என்றேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். மாதக் கடைசியில் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அவளுடைய பங்கையும் சேர்த்து நானே எழுதினேன். அந்த நாட்களில் என் கைகளுக்கு மட்டும்தான் சந்தோஷம். விசைப்பலகையில் இருக்கும்வரை நன்றாக இருப்பேன். தொலைபேசி அடித்தால் முதலில் இலக்கத்தைப் பார்ப்பேன். வைத்தியருடைய இலக்கம் என்றால் இரண்டு தரம் அடிக்க விட்டுத்தான் எடுப்பேன். வேலை எங்கே நிற்கிறது என்று சேர் கேட்டால் "கிட்டத்தட்ட முடிஞ்சுது" என்பேன். அது பொய் இல்லை. ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட முடிந்துதான் இருந்தது. ஒன்றும் முழுதாக முடியவில்லை.

ஒரு நாள் கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது எங்கள் ஒஃபிசிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மருந்துக் கடைக்காரர்கள் தொலைபேசியில் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது அவருடைய வேலை. தெமட்டகொடையில் வளர்ந்த முஸ்லிம் இளைஞர், என்னைவிட நாலைந்து வயது குறைவு. நாங்கள் படித்த அதே படிப்பைத்தான் அவரும் படித்திருந்தார். ஆனால் மென்பொருள் எழுதுவதில் நாட்டமில்லை. "எழுத எனக்கு வாறல்ல அக்கா, இருந்து பார்த்துட்டேன்" என்று வெளிப்படையாகச் சொல்வார். பரிசோதனை நிலையத்தின் தலைமைத் தொழில்நுட்பவியலாளர் ஒரு சிங்கள அம்மா. என் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும், அவருடன் வேலை விஷயம் கதைக்கப் போதாது. அதற்காகத்தான் இவரைக் கூட்டிப் போனேன்.

வழக்கம்போல வைத்தியர் ஒரு சின்ன விஷயத்தைத் தொடங்கினார். வீட்டுக்கே போய் இரத்தம் எடுக்கும் சேவை ஒன்றை ஆரம்பிக்கப் போவதாகவும் அதையும் இதற்குள் சேர்க்கலாமா என்றும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கேட்டார்.

"டொக்டர், அந்த சேவ எப்ப தொடங்குறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல தம்பி. யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"அப்ப நீங்க தொடங்கின பொறகு சேர்ப்பம். அது எப்பிடி நடக்குதுன்டு உங்களுக்கே இன்னும் தெரியா தானே. இப்ப எழுதினா ரெண்டு தரம் எழுத வரும்."

வைத்தியர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நான் நினைத்தேன். "அதுவும் சரிதான்" என்று சொல்லி வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. இல்லை என்று ஒருவர் சொல்கிறார், கேட்டவர் வடை கொடுக்கிறார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்தது. இந்த வேலை என்னுடையது அல்ல என்று அந்த இருக்கையில் வைத்துத்தான் முதல் தரம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அழுகை ஒன்றும் வரவில்லை. காலுக்கு அளவில்லாத செருப்பைக் கழற்றலாம் என்று நினைத்தது போலத்தான் இருந்தது.

அடுத்த கிழமை சேருடைய அறைக்குப் போனேன்.

"சேர், இந்தப் புரொஜெக்டை நடத்த வேற ஆளைப் போடுங்கோ."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "விட்டிட்டுப் போகப் போறீரோ?"

"இல்லை சேர். ஒரு இடமும் போகேல்லை. இதிலை எழுத வேண்டியது எல்லாத்தையும் நான் எழுதுறன். நடத்திறது மட்டும் எனக்குச் சரிவரேல்லை."

"ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கே தெரியுது."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு, வெளிநாட்டில் முகாமைத்துவம் படித்துவிட்டு வந்த ஒருவரை நேர்முகத்துக்கு அழைக்கலாம் என்றார். நான் தெமட்டகொடைக்காரரைச் சொன்னேன்.

"அவரோ? அவருக்கு எழுத வராதே. உங்கடை ஆக்கள் செய்யிறது சரியோ பிழையோ எண்டு அவர் எப்பிடிச் சொல்லுவார்?"

"அதை நான் சொல்லுவன் சேர். அவருக்கு எழுத வராதபடியால் ஒருத்தற்றை வேலையையும் பறிச்சுத் தானே செய்ய மாட்டார். டொக்டருக்கு இல்லை எண்டு சொல்ல அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியேல்லை."

சேர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டில் படித்தவரை நேர்முகத்துக்கு வரவழைத்தார். அவர் எங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, இவ்வளவு பேர்தானா என்ற முகத்தோடு எழுந்து போனார். அதற்குப் பிறகுதான் சேர் என் யோசனைக்கு வந்தார். அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும், பார்ப்போம் என்று.

வீட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. என் கணவர் "உமக்கு எது வசதியோ அதைச் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். மாமியாருக்கு விளங்கவில்லை.

"ஏன் இறக்கினவை? நீ என்ன பிழை விட்டனி?"

"இறக்கேல்லை மாமி. நானாத்தான் கேட்டனான்."

"நீயாக் கேட்டனியோ?" அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. தங்கைக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. சொல்லாமலே விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த தைப்பொங்கலுக்கு வந்த அந்தத் தங்கை, எங்கள் சின்ன மாமி, என்னை மனேஜர் என்றே கூப்பிட்டார். நானும் திருத்தவில்லை.

வைத்தியரிடம் நான் நேரிலேயே போய்ச் சொன்னேன்.

"ஏம்மா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?" என்றார். அவருடைய முகம் வாடியது. "பெரிய ஆளை எடுத்துட்டு சின்ன ஆளைப் போடுறீங்களே."

"நான் எங்கையும் போகேல்லை டொக்டர். எழுதிறது முழுக்க நான்தான். நான் இருந்து எழுத வேணுமெண்டால் வேற ஆள் நடத்தினால்தான் ஏலும்."

அவர் நம்பவில்லை. அன்றைக்கு வடை வரவில்லை.

புதிய மனேஜர் முதலில் செய்தது, நான் ஓம் சொன்னவற்றையெல்லாம் என்னிடம் கேட்டறிந்ததுதான். பிறகு வைத்தியரிடம் போய், கொட்டாஞ்சேனையில் பதிவு, ஸ்டிக்கர், ரிப்போட் இந்த மூன்றும் சரியாக ஓடும்வரை வேறு ஒன்றுக்கும் கை வைக்க மாட்டோம் என்று சொன்னார். தொலைபேசிச் செய்தி பிறகு. வைத்தியர்களின் தனி ரிப்போட் பிறகு. வைத்தியர் சேருக்குத் தொலைபேசி எடுத்து முறையிட்டார். சேர் என்னைக் கூப்பிட்டு "இது சரிதானோ?" என்று கேட்டார். "சரி சேர்" என்றேன். போன பெண்ணின் இடத்துக்குப் புது ஆள் ஒருவரை எடுக்கவும் மனேஜரே சேரிடம் அனுமதி கேட்டு வாங்கினார். என் மேசைக்கு வந்து, மற்றவர்கள் எழுதியதை நான் தொட வேண்டாம், பிழை இருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் செய்தேன். முதல் கிழமைகளில் என் கை மேசைக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது. பிறகு பழகிவிட்டது. மூவரில் மீதி இருந்த இரண்டு பேரும் மெல்ல மெல்ல நன்றாக எழுதத் தொடங்கினார்கள்.

தொடங்கும் நாள் வந்தது. வைத்தியர் அதை ஒரு விசேஷமாகவே எடுத்துக்கொண்டார். கொட்டாஞ்சேனைக் கட்டடத்தின் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்து கொம்பியூட்டருக்குப் பூசினார்கள். அவருடைய அண்ணன்மார் பட்டு வேட்டியோடு வந்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்த வைத்தியர்கள் சிலரும் இருந்தார்கள். காலையிலேயே நோயாளிகள் நிறைந்துவிட்டார்கள். சாப்பிடாமல் வந்து இரத்தம் கொடுக்க நிற்கும் சனம், பசி வேறு.

எங்கள் புதிய மனேஜர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். முதல் கிழமை கொம்பியூட்டரில் பதியும் அதே நேரம் பழையபடி கையால் எழுதும் கொப்பியிலும் பதிய வேண்டும். இரட்டை வேலை என்று கவுண்டரில் இருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். வைத்தியருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் நடந்தது.

தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே இருந்து தலைமைத் தொழில்நுட்பவியலாளர் அம்மா கையில் ஒரு குழாயோடு வந்தார். "மேக்க ஹரி நே" என்றார். இது சரியில்லை என்று. குழாயில் ஒட்டியிருந்த இலக்கம் கொப்பியில் ஒரு பெண்ணுக்கும் கொம்பியூட்டரில் இன்னொரு பெண்ணுக்கும் இருந்தது. இருவருக்கும் ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. இருவரும் சீனி வியாதிக்கு இரத்தம் பார்க்க வந்தவர்கள். முதலாவது பெண்ணைப் பதிந்த பிறகு இரண்டாவது பெண்ணின் பெயரை அடித்ததும், முன்னவருடைய விவரம் தானாக வந்து நின்றிருக்கிறது. அவசரத்தில் இருந்த கவுண்டர் பெண் அதையே அமத்தி ஸ்டிக்கரை எடுத்துவிட்டாள். பழைய விவரம் தானாக வர வேண்டும் என்று வைத்தியர் கேட்டு நான் ஆசையாக எழுதிக் கொடுத்த அதே இடம்தான்.

பார்த்த உடனே எனக்குப் பிழை விளங்கியது. மருந்தும் விளங்கியது. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் விவரத்தைக் காட்ட வேண்டும். "எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்கோ. இஞ்சையே இருந்து திருத்திறன்" என்றேன்.

மனேஜர் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "உங்களுக்கு ஏலும் அக்கா, எனக்குத் தெரியும். ஆனா இன்டைக்கி வேணாம். நிப்பாட்டுவம்."

"ஏன்? பிழை என்ன எண்டு எனக்குத் தெரியுமே."

"இந்தப் பிழ தெரியும். அந்தப் பிள்ளைகளப் பாருங்க, எத அமத்துறதுன்டு தெரியாம நிக்கிறாங்க. வெளிய சனம் நெறஞ்சு ஈக்குது. ஓடிக்கிட்டிருக்கக்குள்ள நீங்க மாத்தி, அதுல வேற என்ன சரி, பிழன்டு பார்க்க இன்டைக்கி ஒருத்தருக்கும் நேரமில்ல. கொப்பியிலயே செய்யட்டும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. எத்தனை மாதத்து வேலை. வாசலில் வாழைமரம். இந்த மனிதரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்ததே நான். நான் திருத்துகிறேன் என்று சொன்ன பிறகும் வேண்டாம் என்கிறார். அதை அப்படியே சொல்லியிருப்பேன். அதற்குள் வைத்தியர் எங்களிடம் வந்துவிட்டார்.

"என்ன தம்பி, என்ன பிரச்சினை? அம்மா சரி பண்ணிடுறேன்னு சொல்றாங்களே."

"டொக்டர், அவங்க செஞ்சிருவாங்க. ஆனா இன்டைக்கி நான் நிப்பாட்டுறேன். ஆள் மாறி ரிப்போட் போனா சீனி இல்லாத ஒருத்தங்க சீனிக்கு மருந்து குடிப்பாங்க."

"விருந்தாளி எல்லாம் வந்திருக்காங்க தம்பி. எங்க அண்ணன்மாருக்கு நான் என்ன சொல்றது?"

"நான் சொல்றேன் டொக்டர்."

அவர் உண்மையாகவே போய்ச் சொன்னார். பட்டு வேட்டி கட்டிய அந்த அண்ணன்மாருக்கு முன்னால் நின்று, ஒரு பிழை கண்டுபிடித்திருக்கிறோம், அதைச் சரிபார்த்துவிட்டு வேறொரு நாளில் தொடங்குவோம் என்று தமிழில் சொன்னார். அதையே வந்திருந்த வைத்தியர்களுக்கும் ஊழியர்களுக்கும் சிங்களத்தில் சொன்னார். குரல் உயரவுமில்லை, தணியவுமில்லை. மூத்த அண்ணன் ஏதோ முனகினார். வைத்தியர் தன் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். கவுண்டரில் இருந்த பெண்கள் கொப்பியை இழுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களுடைய முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் அப்போது பார்க்க விரும்பவில்லை.

சேர் தொலைபேசியில் என்னைத்தான் கேட்டார். "பிள்ளை, நீர் இருந்தும் நிப்பாட்ட வேண்டி வந்ததோ?"

திருத்தியிருக்கலாம் என்பது வாய்வரை வந்தது. "அவர்தானே மனேஜர், சேர். அவர் முடிவெடுத்தார். நான் அதோடை நிக்கிறன்" என்றேன். அதைச் சொல்லும்போதும் எனக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை.

புறக்கோட்டைக்கு இருவரும் ஒரே ஓட்டோவில் வந்தோம். இறங்கும்போது அவர் கேட்டார். "அக்கா கோவமா?"

"ஓம்."

"சரி. நாளைக்கும் கோவமா இருந்தா சொல்லுங்க, கதைப்பம்."

அடுத்த நாளும் கொஞ்சம் இருந்தது. ஆனால் கதைக்கவில்லை. வேலை இருந்தது.

திருத்தத்தை நான் சொன்ன நேரத்துக்குள் எழுதி முடித்தேன். அதன் பிறகு அவர் கவுண்டர் பெண்களை வைத்து ஒத்திகை நடத்தினார். காலைச் சனம் கலைந்த பிறகு, நாங்கள் நோயாளிகளாக வரிசையில் போய் நிற்போம். ஒரே பெயரில் இரண்டு பேர், மூன்று பேர். சினிமா நடிகைகளின் பெயரைச் சொல்லிப் பதியச் சொல்வோம். வேண்டுமென்றே முதலெழுத்தை மாற்றிச் சொல்வோம். அந்தச் சிங்கள அம்மாவும் வந்து வரிசையில் நின்று, காது கேட்காத கிழவிபோல நடித்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்த ஒத்திகையில் வேறு இரண்டு பிழைகள் அகப்பட்டன. அன்றைக்கு நான் அங்கேயே இருந்து திருத்தியிருந்தால் அந்த இரண்டும் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம். அந்த நாளை அப்படியே ஓட்டியிருக்கலாம் என்று என்னில் ஒரு பாதி இன்றும் நம்புகிறது. ஆனால் அந்த முடிவை எடுக்கும் இடத்தில் நான் இருக்கவில்லை என்பதில் எனக்கு ஆறுதல்தான்.

இரண்டாம் முறை வாழைமரமும் இல்லை, விருந்தாளியும் இல்லை. ஒரு சாதாரணக் காலையில் தொடங்கினோம். வைத்தியர் பத்து மணிபோல வந்தார். கவுண்டருக்குப் பின்னால் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போனார். அவர் எங்கள் மனேஜருடன் நேராகக் கதைக்கவே சில வாரங்கள் பிடித்தன. எது வேண்டுமென்றாலும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். நான் "தம்பியிட்டைக் கேளுங்கோ டொக்டர்" என்பேன். கடைசியில் பம்பலப்பிட்டிக் கிளையைத் தொடங்கும் நேரம் வந்தபோது சேருக்குத் தொலைபேசி எடுத்து, "அந்தத் தம்பியையே அனுப்புங்க" என்றாராம். அதற்குப் பிறகு போனபோது வடை வந்தது.

அதன் பிறகு புதிய புரொஜெக்ட் ஒன்று வந்தால், யாரைத் தலைமைக்குப் போடுவது என்று சேர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்பார். ஒரு தரம் சரியாகத் தேர்ந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. வாகன உதிரிப்பாகங்கள் இறக்குமதி செய்யும் ஒருவரின் வேலைக்கு, வாடிக்கையாளர் தொலைபேசிப் பகுதியில் இருந்த இன்னொருவரைச் சொன்னேன். இனிமையாகப் பேசுவார், எல்லோருக்கும் பிடிக்கும், மூன்று மொழியும் தெரியும். தெமட்டகொடைக்காரருக்கு அவரில் நம்பிக்கை இருக்கவில்லை. "யாரும் முகம் சுளிச்சா அவருக்குத் தாங்க ஏலா அக்கா" என்று சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. அந்தப் புரொஜெக்ட் பாதியில் நின்றது. நான் சொன்னவரும் என்னைப்போலவே எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார், எழுதத் தெரியாமலே. அதற்கடுத்த பெரிய வேலையை நடத்தியவர் எங்களிடம் இருந்தவர்களிலேயே மிக நன்றாக எழுதுகிறவர். மிக நன்றாகவே நடத்தினார். ஆகவே எழுதுகிறவர் நடத்த மாட்டார், பேசுகிறவர் நடத்துவார் என்று நான் வைத்திருந்த கணக்கு இரண்டு பக்கமும் பிழைத்துப் போனது.

இப்போது யாரையாவது தேர்வதென்றால் நான் அவருடைய திறமையைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. அது எப்படியும் தெரிந்துவிடும். அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களோடு தேநீர் குடிப்பேன். அவர் பிழை கண்டுபிடித்தால் என்ன செய்வார் என்று கேட்பேன். தானே திருத்துவார் என்றால் எனக்குப் பயம். பேசாமல் விடுவார் என்றாலும் பயம். மறைக்காமல் வந்து சொன்னார், சொன்ன பிறகு எங்களையே செய்ய விட்டார் என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு யோசிப்பேன். அப்படியும் பிழைக்கும். மனிதர்கள் புது இடத்தில் புது ஆளாகிவிடுகிறார்கள்.

தெமட்டகொடைக்காரர் சில வருடங்களின் பின் குடும்பத்தோடு மெல்பேர்ன் போய்விட்டார். அங்கேயும் இதே வேலைதான். சேர் ஓய்வுபெற்றார். நான் கொம்பனியில் இருக்கிறேன், எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு என்ன பதவி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது. அதைக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

போன மாதம் ஒரு பெண் என்னிடம் வந்தாள். வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பாடசாலை ஒன்றுக்காக நாங்கள் செய்யவிருக்கும் வேலையை நடத்தத் தன்னை விடும்படி கேட்டாள். எங்கள் ஒஃபிசில் தலைமையைத் தானாக வந்து கேட்ட முதல் ஆள் அவள்தான். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு ஆக்களோடை சண்டை பிடிக்கிறது பயமில்லை மிஸ். ஆனா சண்டை முடிஞ்சாப் பிறகும் அவையோடை இருந்து சாப்பிடுவன்" என்றாள்.

கொடுத்திருக்கிறோம். வேலை தொடங்கி இரண்டு கூட்டம் முடிந்திருக்கிறது. முதல் கூட்டத்தில் பாடசாலை அதிபருடன் சண்டை. இரண்டாவது கூட்டத்தை அவளிடமே விட்டுவிட்டேன், நான் போகவில்லை.